கஞ்சா வரியும் நான் எழுதிய கடிதமும்

17 ஜனவரி 2025, வெள்ளி

இன்று மன்றத்துக்குப் பதினொரு பிள்ளைகள்தான் வந்தார்கள். மண்டபத்தில் குளிர். பட்மின்ரன் வலை நடுவில் கிழிந்து, சப்பாத்துக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். கோடையோடு நகரசபையின் உதவிப்பணம் முடிகிறது. புதிதாக ஒன்று கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை இளையோர் மன்றமும் இல்லை.

அதே நகரசபையிலிருந்து ஒரு கடிதம். டெனிஷ் அரசாங்கம் சம்மதித்தால் எங்கள் ஊரில் மூன்று வருடம் கஞ்சாவைச் சட்டப்படி கடையில் விற்றுப் பார்க்கலாமாம். அந்த வரியில் ஒரு பங்கு எங்களைப் போன்ற இளையோர் மன்றங்களுக்கு உதவிப்பணமாக வருமாம். சங்கங்கள் பெப்ரவரி 17க்குள் கருத்து எழுத வேண்டும்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் நீக்கிலாஸ் அண்ணை கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "பிள்ளையளுக்கு நஞ்சை வித்து, அந்தக் காசிலை அதுகளுக்குப் பந்து வாங்கிக் குடுக்கிறதோ?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கஜந்தி, உம்மடை டெனிஷ்தான் திறம். வேண்டாம் எண்டு நறுக்கா எழுதும். எங்கடை சனத்துக்கை இந்தப் பழக்கம் இல்லை எண்டும் போடும்."

"ஓம் அண்ணை" என்றேன். பதினொரு வருடமாக நான்தானே செயலாளர்.

18 ஜனவரி, சனி

எழுதிவிட்டேன். "எங்கள் குடும்பங்களில் இந்தப் பிரச்சினை இல்லை." கை கூசவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

மகன் யதுர்சனைப் பார்க்கப் போனோம். மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம், கிரின்ஸ்டெட்டுக்கும் அங்கால். கிழமை முழுக்க பஸ் ஓட்டுகிற என் மனுசன், ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினார்.

அவனுக்கு இருபது வயது. கஞ்சா புகைத்துப் புகைத்து, சுவருக்குள் யாரோ கதைக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கி, போன ஆடியில் ஒரு விடியற்காலை வெறுங்காலோடு ரெயில் நிலையத்தில் நின்றவன். பொலிஸ்தான் கூட்டிக்கொண்டு வந்தது. இப்போது இந்தச் சிகிச்சை இல்லத்தில் இருக்கிறான். கன்னம் கொஞ்சம் தசை பிடித்திருக்கிறது. கொண்டுபோன புட்டை எல்லாருக்கும் பங்கிட்டான்.

சனத்துக்கு அவன் ஹொய்ஸ்கோலெயில் இருக்கிறான். டெனிஷ் பிள்ளைகள் படிப்புக்கு நடுவில் அரை வருடம் தங்கி, பாட்டு, மரவேலை என்று பழகுகிற தங்குபள்ளி. நான் கண்டுபிடித்த பொய். வீட்டில் ஆள் இல்லாததற்குக் காரணமும் ஆயிற்று, பெருமைக்குப் பெருமையும் ஆயிற்று.

இந்தப் பொய்யை இன்று அவனுக்கும் சொல்லிவிட்டேன். "அப்ப நான் அங்கே என்ன படிக்கிறேன்?" என்று டெனிஷில் கேட்டான். மரவேலை என்றேன். சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பொய்க்குச் சிரித்தாலும் சிரித்தானே என்று சந்தோசப்பட்டேன். என்ன மனம் இது.

24 ஜனவரி, வெள்ளி

மன்றம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பவளராணி மறித்தாள். வழக்கமாக அவள்தான் பிள்ளைகளுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருகிறவள். இன்று வெறுங்கை.

"அக்கா, யதுர்சன் படிக்கிற அந்த இடத்தின்ரை பேர் என்ன? எங்கடை மகன் நோவாவையும் அனுப்பலாமோ எண்டு பாக்கிறன். பதினேழு வயசாப் போச்சு, அறையை விட்டு வெளியிலை வாறானில்லை. இந்தக் குளிருக்கை யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு படுக்கிறான்."

எனக்கு விளங்கியது. அந்தத் திறந்த யன்னலை எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். புகை மணம் போகத்தான் திறக்கிறார்கள்.

"அது நிரம்பிப் போச்சாம், இடமில்லையாம்" என்றேன்.

"சரி அக்கா" என்று போய்விட்டாள்.

25 ஜனவரி, சனி

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலையில் முதியவர்களுக்கு மருந்து கொடுக்கும்போதும் இதே யோசனை. பவளராணிக்குப் போன் எடுப்போமா? எடுக்கவில்லை.

31 ஜனவரி, வெள்ளி

நீக்கிலாஸ் அண்ணை நான் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினார். கை தட்டினார்கள். நோவா வரவில்லை. பவளராணியும் தட்டினாள்.

7 பெப்ரவரி, வெள்ளி

நோவாவுக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனுடைய தங்கச்சி றொஷானி மட்டும் விளையாடாமல் சுவரோரத்து வாங்கில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். என் முகத்தைப் பாராமல் டெனிஷில் சொன்னாள்: "அப்பெண்டிக்ஸ் இல்லை அன்ரி. மனநல வாட்டில் இருக்கிறான். பல்கனியிலிருந்து குதிக்கப் போனவன், அப்பாதான் பிடித்தது. சொல்லக் கூடாதென்று அம்மா சொன்னவ."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நாங்கள் ஹொய்ஸ்கோலெ எண்டம். அவை அப்பெண்டிக்ஸ் எண்டு சொல்லினம்" என்றார். அவ்வளவுதான்.

ஐயோ, அந்தப் பிள்ளை குதித்திருந்தால்? நான் என்னெண்டு பிறகு பவளராணியின்ரை முகத்திலை முழிக்கிறது?

8 பெப்ரவரி, சனி

போனேன். பவளராணி வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். யதுர்சன் எங்கே இருக்கிறான், ஏன், எவ்வளவு காலம்.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். "ரெண்டு கிழமைக்கு முந்தி உங்களிட்டைக் கேட்டனான் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவும் இல்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

யதுர்சனுக்குப் போன் எடுத்தேன். கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். அபூர்வமாகத் தமிழில், "எழுதுங்கோ அம்மா. பேரையும் போடுங்கோ" என்றான்.

கஞ்சா விற்பது சரியா பிழையா? எனக்கு இன்னும் தெரியவில்லை. வரி கட்டாமலும் அது என் வீட்டுக்குள் வந்துதான் இருந்தது. அதைத்தான் எழுதினேன். காசு எங்கிருந்து வந்தாலும், பிள்ளைகளோடு இதைக் கதைக்கத் தெரிந்த ஒரு ஆள் வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குத் தேவை என்று எழுதினேன். எங்கள் குடும்பங்களில் பிரச்சினை இல்லை என்ற அந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

14 பெப்ரவரி, வெள்ளி

மாற்றி எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நீக்கிலாஸ் அண்ணைக்கு முகம் சிவந்தது. "உம்மடை வீட்டுச் சங்கதியை ஏன் சங்கத்தின்ரை தலையிலை கட்டுறீர்? எங்கடை பேர் என்னாகிறது?"

"அண்ணை, எங்கடை பேருக்குத்தான் நான் இவ்வளவு நாளும் பொய் சொன்னனான்" என்றேன்.

சங்கம் பழைய கடிதத்தையே அனுப்புகிறது. இதை என் சொந்தப் பெயரில் அனுப்பினேன். செயலாளர் வேலையையும் அவர்களிடமே விட்டுவிட்டேன்.

3 மார்ச், திங்கள்

எனக்கு ஒருவரும் போன் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய் வலை கட்டுகிறேன். அதற்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

25 ஏப்ரல், வெள்ளி

கஞ்சாத் திட்டத்தை நகரசபை கைவிட்டுவிட்டது. வரியும் இல்லை, உதவிப்பணமும் இல்லை. ஆவணியிலிருந்து மண்டபமும் இல்லை. நூலகத்தில் ஒரு சின்ன அறை தருகிறார்களாம். பட்மின்ரனுக்கு இடம் காணாது. ஆனால் என் கடிதத்தை வாசித்த நகரசபை இளையோர் ஆலோசகர் ஒருத்தி மாதம் ஒரு வெள்ளி வந்து இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள்.

வலையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தால், கார் நிறுத்துமிடத்தில் பவளராணி. இரண்டரை மாதத்துக்குப் பிறகு. மெலிந்துபோனாள். அதே இடத்தில் நின்று, அதே கேள்வியைக் கேட்டாள்.

"அந்த இடத்தின்ரை பேர் என்ன அக்கா?"

சொன்னேன். போனில் பதிந்துகொண்டாள். எழுத்துச் சரியா என்று காட்டினாள்.

"பஸ் இருக்கோ?"

"பஸ்ஸை நம்பேலாது. நாங்கள் ஞாயிறு ஏழு மணிக்கு வெளிக்கிடுறம். பின் சீற் வெறுமையாத்தான் இருக்கு."

"நோவாவுக்குக் காருக்கை தலை சுத்திச் சத்தி வாறது" என்றாள்.

முன் சீற்றில் இருக்கட்டும் என்றேன்.