பன்னிரண்டா, பதினான்கா?

குருசுக்குப்பம், புதுச்சேரி
2 மார்ச் 2024

அன்புள்ள அகஸ்டினா அக்காவுக்கு,

அமலநாதன் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி. போனில் நீ என்னை பிளாக் செய்துவிட்டதால் தபால்தலை வாங்க வேண்டியதாயிற்று.

அம்மா போய்ப் பதினோரு வருஷம், நாம் பேசாமலும் அதே பதினோரு வருஷம். அப்பா இறந்த நாளுக்கான ஆத்துமப் பூசை ஜூன் பன்னிரண்டு என்கிறேன் நான். பதினான்கு என்று பாரிசிலிருந்து கோயிலுக்குச் சொல்லிவைக்கிறாய் நீ. "ஒரே ஆளுக்கு ரெண்டு சாவா?" என்று பங்குச் சாமியாரே கேட்டுவிட்டார்.

யாரைக் குற்றம் சொல்வது? அப்பா வேலை பார்த்த சைகோனிலிருந்து பாரிஸ் போன இரண்டு விமானங்கள், இரண்டு நாள் இடைவெளியில், ராத்திரி இறங்கும்போது அதே பஹ்ரைன் கடலில் விழுந்தன. 1950-இல் நம் வீட்டுக்கு வந்த தந்தியில் அப்பா ஏறியது எந்த விமானம் என்று இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் அப்பா பெயருக்குக் கல் வைக்கிறேன். கல் வெட்டுகிற பலராமன் தேதி கேட்கிறார். அங்கே பயணிகள் பட்டியல் கிடைக்குமா, பார். எனக்கும் எழுபத்து மூன்று ஆகிறது. உன்னோடு பேசாமலே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி,
அமலா

பாரிஸ்
8 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி அமலாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

பேத்தி மெரின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பட்டியலை வாங்கிவிட்டாள். முதல் விமானத்தில் அப்பா பெயர் இருக்கிறது. பன்னிரண்டுதான். நீ சொன்னதே சரி. இந்த ஒரு வரி எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, வீம்பு யாரை விட்டது?

அம்மாவை அடக்கம் செய்த அன்று, "அப்பா முகத்தையே பாக்காதவனுக்குத் தேதி என்னா தெரியும்"னு எல்லார் முன்னாலும் கேட்டேனே, அதை மன்னித்துவிடு. எனக்கு மட்டும் என்ன தெரியும்? அப்பா போனபோது எனக்கு ஐந்து வயது.

கல்லில் பன்னிரண்டு என்றே வெட்டச் சொல்.

உன் அக்கா,
அகஸ்டினா

குருசுக்குப்பம்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நாள் பதில் இல்லாததால் உனக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். தேதியாவது உன் பக்கம் இருக்கட்டும் என்று போன வாரமே பதினான்கு என்று வெட்டச் சொல்லி, கல்லையும் நட்டாயிற்று.

பலராமன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "வெட்டுன எழுத்த அழிக்க நான் என்னா ரப்பரா வச்சிருக்கேன்? ஜெயிச்சவரே தோத்துட்டு வந்து நிக்கிறீங்களே."

நீ அன்று சொன்னது வலிக்கத்தான் செய்தது. இப்போது இல்லை. வேறு கல் போடட்டுமா?

அமலா

பாரிஸ்
10 மே 2024

அன்புத் தம்பிக்கு,

கல்லைத் தொடாதே. எனக்காக ஒருவன் தோற்றுப்போன கல், அது அப்படியே இருக்கட்டும். பன்னிரண்டாம் தேதி பூசை, பதினான்காம் தேதி கல்லுக்கு மாலை. நடுவில் பதின்மூன்று, அந்தோணியார் திருநாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர். அன்றைக்கு உன் வீட்டில் வஞ்சிரக் குழம்பு, நான்தான் வைப்பேன்.

ஜூன் பத்தாம் தேதி ராத்திரி சென்னையில் இறங்குகிறேன். பஹ்ரைன் வழியாகத்தான் டிக்கெட். மெரின் வேறு வழி பார்க்கிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றேன். விமானம் தாழ இறங்கும்போதெல்லாம் நான் இன்னமும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவேன். அதனால் காரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதே. நீயே வந்து விமான நிலைய வாசலில் நில். அப்பா பஹ்ரைனில் இறங்க வந்த ராத்திரி அங்கே நம் ஆள் யாரும் இல்லை. எனக்கு நீ இருக்கிறாய்.

உன் அக்கா