தீவுப் பள்ளிக்கு ஒரு படகு

1955 ஆகஸ்ட் 6
படகுக்காரர் சுப்பராயன் இன்றும் வரவில்லை. இந்த வாரம் மூன்றாம் முறையாக ஏரிக்கரையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அக்கரைத் தீவில் பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள். இப்படியே போனால் மழைக்கு முன் பள்ளியை மூடிவிடுவோம் என்கிறார் மிஷன் மேனேஜர். மூடவிடுவதா? மிஷனின் பழைய டாக்டர் விட்டுப்போன சின்னப் பாய்ப்படகை அவரிடமே கேட்டேன். "ஓட்டத் தெரிஞ்சா எடுத்துக்கம்மா" என்றார். மீனவர் வீட்டில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா!

ஆகஸ்ட் 8
படகின் பலகை கெட்டி. வெளிப்புறம் சுற்றி ஓடும் தேக்குச் சட்டம்தான் மோசம். வார்னிஷ் உரிந்து, ஆணிகள் துருவேறி, சட்டமே தொங்குகிறது. அது இல்லாமல் கரையில் மோதினால் பலகை பிளந்துவிடும். சட்டம் முழுவதையும் கழற்றினேன். ஆறு துண்டுகள்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு
பொன்னேரி அரிசி ஆலையிலிருந்து என் வீட்டுக்காரர் ஜெயராஜ் வந்தார். ஆராதனை முடிந்ததும் இருவரும் உப்புத்தாளால் தேய்த்தோம். சுப்பராயன் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, படகுக்குப் பவுடர் பூசிக்கினு கீறீங்களா?" என்றார். நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இவர்தான், "முடிச்சதும் வந்து பாரு நைனா" என்றார்.

ஆகஸ்ட் 21
வார்னிஷ் இரண்டாம் பூச்சு காயுமுன் தூறல். எல்லாம் கொப்பளம். மறுபடி தேய்ப்பு. கை எரிகிறது.

ஆகஸ்ட் 27
பேஜாரு! எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்தேன். தேய்க்கும்போது நானே அழித்திருக்கிறேன். இன்னா புத்தி எனக்கு? உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் — ஓட்டைகள்! பழைய ஆணி ஓட்டைகள் படகிலும் இருக்கின்றனவே. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். முதல் துண்டு பொருந்தியதும் கத்தியே விட்டேன்.

ஆகஸ்ட் 28
இந்த ஏரியின் உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்று இவர் பித்தளைத் திருகாணிகள் வாங்கிவந்தார். முன்வளைவில் இவர் தோளால் அழுத்த, நான் முறுக்கினேன். "மெதுவா சாராள், ஒடிஞ்சிடப் போவுது." ஒடியவில்லை. ஆறு துண்டுகளும் ஏறிவிட்டன!

செப்டம்பர் 1
தீவுக்குப் போய்விட்டேன்! தனியாக! கரை நெருங்கியும் பாயை இறக்கத் தாமதித்துவிட்டேன். டொம்மென்று மோதல். குனிந்து பார்த்தேன். சட்டம் அசையவேயில்லை. பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீருக்கே ஓடி வந்துவிட்டார்கள்.

அக்டோபர் 19
காலையிலிருந்து மழை. பள்ளியைப் பார்வையிட ஆய்வாளர் வந்து கரையில் நின்றார். சுப்பராயன் சொன்னாராம்: "இந்தக் காத்துல நான் எறக்க மாட்டேன் சார். டீச்சரம்மாவக் கேளுங்க, அவங்க போவாங்க." ஆய்வாளர் என் படகில் ஏறினார். வழி நெடுக இரு கைகளாலும் சட்டத்தைப் பிடித்திருந்தார். 'பள்ளி தொடரலாம்' என்று பதிவேட்டில் எழுதும்போதும் கை நடுக்கம் நிற்கவில்லை. எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் படிக்க முடிகிறது.