இரண்டு முழம்தான் பாக்கி

ஐப்பசி 12, புதன்

நான் பங்கு வாங்கியிருக்கும் நூல் கம்பெனி இன்று முதலீட்டாளர்களோடு போனில் பேசியது. தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்டேன். வீட்டுக்காரர் தறியில் இருந்தார். புது ஆலை எப்போது திறக்கும் என்று ஒருவர் கேட்டார். "சூழ்நிலை சாதகமாக அமைந்துவருகிறது, விரைவில்" என்று முதலாளி இழுத்தார். அதையே நான்கு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பங்கு விலை ஏறி இறங்கித் துடித்தது.

"இன்னாமா சொல்றாரு?" என்றார் இவர்.

"ரெண்டு முழம்தான் பாக்கின்னு சொல்றாரு."

இவர் சிரித்துவிட்டார். சேலை கேட்டு யார் கூப்பிட்டாலும், பாதிகூட நெய்யாதபோதும், நான் சொல்கிற பதில் அது.

பிறகு நிதி அதிகாரி, ஒரு பெண், பேசினார். "இயந்திரம் இன்னும் வரவில்லை. ஜனவரிக்கு முன்னால் திறக்காது. லாபம் குறையும்." அவ்வளவுதான். யாரும் மறுபடி கேட்கவில்லை. விலை கொஞ்சம் இறங்கியது, அப்புறம் அசையாமல் நின்றது. உடைத்துச் சொன்ன கெட்ட செய்திக்கு இவ்வளவு பலமா! விற்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.

மதியம் வாலாஜாபாத் கல்யாணப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார், இந்த வாரத்தில் ஆறாவது முறை. வாய்வரை வந்த இரண்டு முழத்தை விழுங்கினேன்.

"ஜரிகை வர லேட்டாயிடுச்சுமா. பாதிதான் ஆயிருக்குது. கார்த்திகை அஞ்சுக்குத் தர்றேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு வந்தா போதும்மா. இன்னிக்குத்தான் தூங்குவேன்" என்றார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இன்னும் ஐந்து பேருக்கு இரண்டு முழம் பாக்கி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.