வாளியைத் தூக்கும் நேரம்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? "மாமா மாத்திரையைத் தலையணைக்கு அடியில ஒளிக்கிறார் அத்தை" என்று மருமகள் போனில் சொன்னாள்.

இந்த வெளிநாட்டில் நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்கிற பெரியம்மாவும் உங்கள் கட்சிதான். மாத்திரையைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வார். போன வாரம் அவர் மகள் ஒரு பழைய சிரிப்புப் படம் போட்டுவிட்டுப் போனாள். நொடிந்துபோன டிவி நிலையம். எல்லோரும் ஓடிவிட, சமையல்காரர் செய்தி வாசிக்கிறார். மழை வரும் என்று சொல்லிவிட்டு, அது பொய்யாகக் கூடாதென்று மொட்டைமாடியில் ஏறி தெருவில் போகிறவர்கள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார். பெரியம்மா வாயைப் பிளந்து சிரித்தார். மாத்திரையை உள்ளே போட்டுவிட்டேன்.

அதிலிருந்து தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு அந்தப் படம்தான். டாக்டர் அசந்துபோய், என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். அஞ்சாம் வகுப்பு என்று கெத்தாக அஞ்சு விரலைக் காட்டினேன்.

முதலில் கிறுக்குப் படம் என்றுதான் நினைத்தேன். பேச்சும் புரியாது, கதையை மகள்தான் விளக்கிச் சொன்னாள். இப்போது அவர் வாளியைத் தொட்டதுமே எனக்குச் சிரிப்பு வருகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபடுகிறார், பாவம்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே புதுசு கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் பழசு வேண்டும். படத்தின் பெயரைப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்குப் போடுவாள். இங்கே அப்போது ஐந்து.

பெரியம்மா கூப்பிடுகிறார். சமையல்காரர் வாளியைத் தூக்கும்போது மருமகள் மாத்திரையோடு பக்கத்தில் நிற்பாள். எனக்காக வாய்விட்டுச் சிரியுங்கள். நானும் இங்கே அதே இடத்தில்தான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி