சின்ன வக்கீல் எழுதிய மனு

ஐப்பசி 12, வியாழன்

விருதுநகர் வக்கீல் ஆபீசில் தொழில் பழகும் சின்ன வக்கீல் இன்று மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ரேகை வேண்டாம்யா, கையெழுத்தே போடுவேன்" என்றேன். ராத்திரிப் பள்ளியில் படித்ததைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்த ஆசையில் நஷ்டஈடு மனுவையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாரணாபுரம் பட்டாசு ஷெட்டில் என் மகன் பீடி பற்றவைத்ததால் தீப்பிடித்து இறந்தான் என்று இருந்தது. அவன் பீடியைத் தொட்டதே இல்லை.

"கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன்" என்றார் சின்னவர்.

பெரிய வக்கீல் தலை நிமிரவில்லை. "கோவிக்காதீக பெரியவரே. உங்கள மாதிரி ஆளுக கேஸுலதான அவரு பழக முடியும்?"

"முதலாளி கேஸைக் கொடுத்துப் பழக்குவீகளாய்யா?" என்று கேட்டேன்.

அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பெயர் கோணாமல் வந்தது. வீடு வரும்வரை அதுவே சந்தோஷமாக இருந்தது.

இப்போது தூக்கம் வரவில்லை. எழுத்துத் தெரியாத நாளில், சித்திரையில், அதே மேசையில் இதே கேஸுக்கு இரண்டு தாள்களில் ரேகை வைத்தேன். அவற்றை எழுதியதும் சின்னவர்தான். இரண்டும் கோர்ட்டுக்குப் போய்விட்டன.