பெடலை மிதிக்க ஓர் ஆள்

அன்புள்ள அத்தானுக்கு,

வசந்தா எழுதுவது. இங்கே தீவில் மழை விட்டபாடில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலியும் அத்தையின் சுகரும் எப்படி இருக்கின்றன? போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன புதன்கிழமை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிஸ்வாஸ் தாதாவின் (அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம்) பழைய பிக்கப்பில் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனேன். ஹேடோ இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். எனக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலிலேயே ஒழுகிய பிரேக் குழாயை மாற்றினார். குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது பெடலை மிதிக்க ஆள் இல்லை. "நான் மிதிக்கிறேன், தாதா" என்று ஏறி உட்கார்ந்தேன். அவர் சக்கரத்தடியிலிருந்து, "தபாகே ரகோ பஹன், சோட்னா மத்!" என்று கத்தினார். "அமுக்கிப் பிடி வசந்தா, விட்டுராத!" என்று நம் வண்டிக்கு அடியிலிருந்து நீங்கள் கத்துவீர்களே, அதேதான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி மிதித்திருக்கிறேன்! பெடல் கல் மாதிரி நின்றதும் அவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டார். ஆயில் நெடி என்றேன்.

இப்போது உங்களுக்கு யார் மிதிக்கிறார்கள்? தனியாகச் செய்யாதீர்கள், எதிர்வீட்டுத் தம்பையா அண்ணனைக் கூப்பிடுங்கள்.

லீவில் ஊருக்கு வந்து அடுத்த கப்பலில் திரும்பும் எங்கள் ஆஸ்பத்திரித் தமிழரசியிடம் இட்லிப் பொடியும், வண்டி வேலைக்கு நீங்கள் போடும் நீலச் சட்டையும் கொடுத்தனுப்புங்கள். இங்கே கை துடைக்க நல்ல துணி கிடைப்பதில்லை. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
வசந்தகுமாரி