பொண்ணு நைஸ்

ஞாயிறு இரவு, செம்பூர்.

மத்தியானம் சாப்பிடும்போது மருமகள் ஸ்வாதி கூட்டு நைஸாக இருக்கிறது என்றாள். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். உடனே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, நைஸ்னா முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா? ஒண்ணும் தெரியாத மக்கு! அப்புறம் எதிலயும் குத்தம் பார்க்கிற ஆளு, அப்புறம் நுணுக்கம். நல்லதுன்னு ஆனது ரொம்பப் பின்னாடி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாட்டுங்கா வீட்டில் என்னைப் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "பொண்ணு நைஸ்." பத்திரிகை ஆபீஸில் புரூஃப் பார்த்தவர். பழைய அர்த்தமெல்லாம் தெரிந்துதான் சொன்னாரோ? கேட்கலாமென்றால் ஆளில்லை. போய் ஆறு வருஷமாகிறது.

சாயங்காலம் மனசு கேட்காமல் அவர் தங்கை லலிதாவுக்குப் போன் போட்டேன். பெண் பார்க்க அவளும் வந்திருந்தாள்.

"லலிதா, அன்னிக்கு உங்கண்ணா வேற ஏதாவது சொன்னாரா?"

"எங்க சொன்னான் மன்னி? ட்ரெயின்ல வாயே திறக்கலை. நம்ம வீடு இருந்த காட்கோபர்ல நாங்க எல்லாரும் இறங்கிட்டோம். அவன் மட்டும் இறங்க மறந்து, ஜன்னலைப் பார்த்துச் சிரிச்சுண்டே கடைசியில தாணே வரைக்கும் போயிட்டான். அப்பா பிளாட்ஃபாரத்துல நின்னு கத்தறார், காதுலயே விழலை!"

தாணே வரைக்கும் போயிருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, மனுஷர்.